சோடியத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்து வேதிப்பிணைப்புப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சோடியம் ஒரு வட்டம், குளோரின் ஒரு வட்டம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போகும் ஓர் அம்புக்குறி. "சோடியம் தன்னிடமுள்ள ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்து..." என்று வந்தவள் அங்கேயே நிறுத்தினாள்.

"ஏன் சித்தி குடுக்கணும்?"

"வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரான் ஆகணும்ல, அதுக்குத்தான்" என்றேன். எனக்கு என் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த பதில் அது.

"எட்டு ஆகணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கல்லூரியில் வேதியியல் படித்தபோது மூன்றாம் வருஷம்தான் எனக்கு இந்தக் கேள்வியே தோன்றியது. இவளுக்குப் பதினாறு வயதிலேயே வந்துவிட்டது. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கொடுக்கிறது, வாங்குகிறது, விரும்புகிறது, நிறைவடைகிறது. பாடத்தில் வரும் இந்த வினைச்சொற்களெல்லாம் நம்முடையவை. அணுவுக்கு ஆசையும் கிடையாது, தாராள மனசும் கிடையாது. இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் "ஏன்" என்ற கேள்வி அதோடு அடைபட்டுப் போகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

புள்ளி வைத்து எலக்ட்ரானைக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில், பெர்க்லியில் இருந்த ஜில்பர்ட் லூயிஸ். 1902இலேயே வகுப்பில் பாடம் நடத்துவதற்காக அணுவை ஒரு கனசதுரமாக வரைந்து, அதன் எட்டு மூலைகளில் எலக்ட்ரான்களை வைத்துப் பார்த்தவர் அவர். 1916இல் அவருடைய கட்டுரை வந்தது. அதே வருஷம் ஜெர்மனியில் வால்தர் காசெல், ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கு எலக்ட்ரான் போய்ச் சேர்வதைப் பற்றித் தனியாக எழுதினார். நியான், ஆர்கான் போன்ற வாயுக்கள் எதனோடும் சேராமல் நிற்கின்றன, அவற்றின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருக்கிறது என்பதைத்தான் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்தது சரி. எட்டு என்பது நல்ல அடையாளம். அடையாளத்தையே காரணமாகச் சொல்ல ஆரம்பித்தது பிற்பாடு வந்த பழக்கம்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தோம். ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு. 23 கிராம் சோடியமும் 35.5 கிராம் குளோரினும் சேர்ந்து 58.5 கிராம் உப்பு ஆகிறது. நான் சொல்லப்போகும் எண்கள் எல்லாம் இந்த அளவுக்கு ஆகும் ஆற்றல், கிலோ ஜூல் கணக்கில்.

சோடியம் ஓர் உலோகக் கட்டி. அதற்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் அணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்க 108 செலவு. குளோரின் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வெட்டிவிட 122 செலவு. சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 செலவு. பிடுங்க என்றுதான் சொல்கிறேன். வெளிக்கூட்டில் அது ஒண்டியாக இருந்தாலும், உள்ளே நேர்மின் உட்கரு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சும்மா விடாது. அந்த எலக்ட்ரான் குளோரினில் போய்ச் சேரும்போது 349 வரவு.

இந்த இடத்தில் அவள் பேனாவை வைத்துவிட்டாள். "496 செலவு பண்ணி 349 வாங்குறதா? கட்டுப்படியாகாதே சித்தி."

ஆகாதுதான். ஒரு சோடியம் அணுவையும் ஒரு குளோரின் அணுவையும் வெகுதூரம் தள்ளி நிறுத்தினால், எலக்ட்ரான் இடம் மாறாது. கொடுக்கல் வாங்கலில் மட்டும் 147 நஷ்டம். எட்டு எட்டு என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த நஷ்டம் போகாது. மொத்தச் செலவையும் கூட்டி, வந்த வரவைக் கழித்தால் 377 குறைகிறது.

ஆனால் சோடியத்தைக் குளோரின் வாயுவில் எரித்தால் பளிச்சென்ற மஞ்சள் ஒளியோடு எரிந்து வெள்ளைப் பொடியாக உப்பு மிஞ்சுகிறது. வெளிவரும் வெப்பத்தை அளந்தால் 411. கிட்டத்தட்ட 1.4 லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெயில் சூட்டிலிருந்து கொதிக்கிற அளவுக்கு ஏற்றிவிடக்கூடிய வெப்பம் அது. 377 கையைக் கடித்திருக்க வேண்டிய கணக்கில் 411 மிச்சம் நிற்கிறது என்றால், நாம் எழுதாமல் விட்ட வரவு ஒன்று இருக்க வேண்டும். எவ்வளவு என்று அவளையே கூட்டச் சொன்னேன். 788 என்று எழுதினாள். புத்தகத்தில் 787 என்று இருக்கும். தசமங்களை நாங்கள் உருட்டிவிட்டதால் வந்த ஒன்று அது.

அந்த வரவுக்குப் பெயர் படிகக்கூடு ஆற்றல். எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்னூட்டம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். நேர்மின் சோடியம் அயனிகளும் எதிர்மின் குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து நெருங்கி, படிகமாக அடுக்கடுக்காக உட்காரும்போது வெளிவரும் ஆற்றல். உப்பு உண்டாவது இந்த வரவினால்தான். எலக்ட்ரான் இடம் மாறுவது நஷ்ட வியாபாரம். மாறிய பிறகு வருகிற இழுவிசை அந்த நஷ்டத்தை அடைத்து மேலே லாபமும் காட்டுகிறது. தனியாக இரண்டே அணுக்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். தூரத்தில் இருக்கும்வரை இரண்டும் நடுநிலையாகவே இருக்கும். சுமார் 9 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நெருக்கத்துக்கு வரும்போது, அயனிகளாக மாறினால் கிடைக்கும் இழுவிசை அந்த 147ஐ ஈடுகட்டிவிடும். அதற்குமேல் நெருங்கினால் எலக்ட்ரான் குளோரின் பக்கம் இருப்பதுதான் லாபம்.

இந்தக் கணக்குப் போடும் முறைக்குப் பார்ன்-ஹேபர் சுற்று என்று பெயர். 1919இல் வந்தது. மாக்ஸ் பார்ன் மின்னூட்டத்தையும் அயனிகளுக்கு இடையிலான தூரத்தையும் முக்கியமாக வைத்து அந்த இழுவிசையைக் கணக்கிட்டார். அவர் வழியில் போட்டால், அளந்து கிடைக்கும் எண்ணுக்குச் சில சதவீதம் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னொருவர் ஃபிரிட்ஸ் ஹேபர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ரு நகரத்துக்குப் பக்கத்தில், பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள்மேல் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஹேபர். நான்கு வருஷம் கழித்து உப்புக்குள் இருக்கும் குளோரினின் கணக்கில் அவர் பெயர் நிற்கிறது. இந்தப் பாடத்தைச் சொல்லும்போது அதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அவளிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

அப்புறம் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். இழுவிசைதான் லாபம் என்றால், சோடியம் இன்னோர் எலக்ட்ரானையும் விட்டுவிட்டு இரட்டை நேர்மின்னாக ஆகலாமே, இன்னும் பலமாக இழுக்குமே என்று.

விலையைப் பார்க்க வேண்டும். சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 496. இரண்டாவதுக்கு 4562. முதலாவது வெளிக்கூட்டில் ஒண்டியாக இருந்தது. இரண்டாவது உள்கூட்டில், உட்கருவுக்குப் பக்கத்தில், கெட்டியாகப் பிடிபட்டிருக்கிறது. எந்தப் படிகக்கூடும் அந்தச் செலவைத் திருப்பித் தராது. பக்கத்து வீட்டு மக்னீசியத்தைப் பார்த்தால் முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதுக்கு 1451. இரண்டும் சேர்ந்து 2189 ஆகிறது, பெரிய தொகைதான். ஆனால் இரட்டை மின்னூட்டம் கொண்ட அயனி குளோரைடுகளை இழுத்து உட்காரும்போது கிடைப்பது 2500க்கும் மேல். குளோரின்கள் எலக்ட்ரானை வாங்கும்போது தருவது வேறு இருக்கிறது. ஆக, மக்னீசியத்துக்கு இரண்டு எலக்ட்ரான் கட்டுப்படியாகிறது, சோடியத்துக்கு ஒன்றுதான். மக்னீசியத்திலும் மூன்றாவதைத் தொட்டால் விலை 7700ஐத் தாண்டிவிடும்.

எட்டின் ரகசியம் இவ்வளவுதான். எட்டு நிறைந்த கூட்டுக்குள் கைவைக்கும் இடத்தில் விலை ஒரேயடியாக எகிறுகிறது. வியாபாரம் அதற்கு முந்தின படியோடு நின்றுவிடுகிறது. சோடியத்துக்கு எட்டு என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

இப்போது அந்த 787க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குள் இருக்கிறது. வட்டமும் அம்புக்குறியும் போட்ட படத்தைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு சோடியம் ஒரு குளோரினுக்குத் தாலி கட்டி, ஜோடி ஜோடியாக உப்பு இருப்பதுபோலத் தோன்றும். உப்புக் கல்லுக்குள் அப்படி ஒரு ஜோடியும் கிடையாது. ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைடு, மேல், கீழ், முன், பின், இடம், வலம். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதேபோல் ஆறு சோடியம். எது எதனுடையது என்று சொல்லவே முடியாது. 1913இல் எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் பாய்ச்சி இதைக் கண்டுபிடித்தவர் லாரன்ஸ் பிராக். அப்போது அவருக்கு 23 வயது. அப்பா வில்லியம் பிராக்கும் அந்த ஆராய்ச்சியில் கூட இருந்தார். 1915இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், எண்பதை நெருங்கிய வயதில், 1927இல் நேச்சர் இதழுக்கு எழுதினார். உப்பைச் சதுரங்கப் பலகை மாதிரி ஆக்கிவிட்டார்கள், மூலக்கூறே இல்லை என்கிறார்கள், இது அறிவுக்கு ஒவ்வாதது என்று கொதித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆயுள் முழுக்க மூலக்கூறு மூலக்கூறாகவே வேதியியலைப் பார்த்தவர். இன்றைக்கும் நம் பிள்ளைகள் "உப்பு மூலக்கூறு" என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு சோடியம் அயனியிலிருந்து பார்த்தால், 2.82 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் ஆறு குளோரைடு இழுக்கிறது. அதற்கடுத்த சுற்றில், மூலைவிட்டத்தில், பன்னிரண்டு சோடியம் தள்ளுகிறது. அதற்கும் அப்பால் எட்டு குளோரைடு இழுக்கிறது. இப்படியே இழுப்பும் தள்ளலுமாகப் படிகத்தின் விளிம்பு வரை போகும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், ஒற்றை ஜோடி அதே தூரத்தில் நின்றால் கிடைப்பதைப்போல 1.75 மடங்கு இழுவிசை ஆற்றல் மிஞ்சும். கூட்டமாக உட்காருவதற்குக் கிடைக்கும் உபரி அது. சமையல் உப்பு 801 டிகிரி வரை உருகாமல் நிற்பதற்குப் பின்னால் இந்த உபரியும் இருக்கிறது.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தூள் உப்பைக் கறுப்புக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தோம். 0.3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு குருணையில் ஓர் ஓரத்தை எண்ணினால் பத்து லட்சத்துக்கும் சற்று மேல் அயனிகள் வரிசையாக நிற்கும். குருணை முழுக்க எண்ணினால் சோடியம் மட்டுமே சுமார் 6000 கோடி கோடி. அத்தனையும் சதுரம் பிசகாமல் அடுக்கியிருப்பதால்தான் கண்ணுக்குத் தெரியும் குருணையும் கட்டம் கட்டமாக இருக்கிறது. கல் உப்பை அம்மிக் குழவியால் தட்டினால் நசுங்காது, உடையும். ஓர் அடுக்கு ஓர் இடம் நகர்ந்தால் சோடியத்துக்கு எதிரே சோடியம், குளோரைடுக்கு எதிரே குளோரைடு வந்துவிடும். இழுத்துக்கொண்டிருந்தவை தள்ள ஆரம்பிக்கும். கல் பிளந்துவிடும்.

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் சகப்பிணைப்பைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை, அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். ஒன்று மட்டும். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் இரண்டு உட்கருக்களுக்கும் பொதுவாக இருக்கின்றன. 1927இல் ஹைட்லர், லண்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அதைக் குவாண்டம் இயக்கவியலில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதைப் பிரிக்க 436 செலவாகும். சேரும்போது அதே 436 வரவு. பிணைப்பு எந்த வகையானாலும் உடைக்கச் செலவு, சேர வரவு. "பிணைப்புக்குள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், சில வகுப்பறைகளிலும் சொல்கிறார்கள். அடுப்பில் கேஸ் எரியும்போது கேஸின் பிணைப்புகளையும் ஆக்சிஜனின் பிணைப்பையும் உடைக்கச் செலவுதான் ஆகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னும் உறுதியான பிணைப்புகளை உண்டாக்கும்போது வருகிற வரவு அதைவிடப் பெரியது. சோறு வேகிறது அந்த மிச்சத்தில்.

801 டிகிரி வரைக்கும் அசையாத உப்பு ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரில் கரைந்து போகிறதே, அது எப்படி? இதற்கும் கணக்கு இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். சோடியத்தை ஆக்சிஜன் பக்கத்தாலும் குளோரைடை ஹைட்ரஜன் பக்கத்தாலும் தண்ணீர் சூழ்ந்துகொள்கிறது. அதில் கிடைக்கும் வரவு 783. படிகத்தைக் கலைக்கச் செலவு 787. வித்தியாசம் வெறும் 4. அந்த நாலைச் சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உப்பு கரைகிறது. அயனிகள் கட்டுப்பட்டுக் கிடப்பதைவிடத் தண்ணீரெங்கும் சிதறிப் போவதற்கு எத்தனையோ மடங்கு வழிகள் இருப்பதால் இந்தச் சின்னச் செலவு தடையாக இல்லை.

இந்த நாலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்வேன். நான் வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியாக வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல். மாசி, பங்குனி வெயிலில் அந்த வெள்ளையைக் கண் கூசாமல் பார்க்க முடியாது. வெயிலில் காயவைத்துத்தானே உப்பு எடுக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெயிலைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

வெடியுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் நிறையக் கரையும், ஆறவிட்டால் கொட்டிக்கொண்டு படியும். ஏனென்றால் அது கரைய நிறைய வெப்பம் வேண்டும். சூடு ஏற ஏறக் கரைதிறன் பல மடங்கு ஏறும். சமையல் உப்பில் வித்தியாசம் நாலுதான் என்பதால் சூடாக்கினாலும் ஆறவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. 100 கிராம் தண்ணீரில், பனிக்கட்டிக் குளிர்ச்சியில் சுமார் 36 கிராம், கொதிநிலையில் 39. ஆறவைத்து உப்பை இறக்க முடியாது. தண்ணீரை விரட்டித்தான் ஆக வேண்டும். கடல்நீரில் உப்பு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு மூன்றரை. கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்வரை சமையல் உப்பு இறங்க ஆரம்பிக்காது. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் டிகிரி என்று சொல்வது சூட்டை அல்ல, தண்ணீரின் அடர்த்தியை. சமையல் உப்பு இறங்குவதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்கும். 29, 30 வந்ததும் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் உப்பு கசக்கும்.

அந்தக் கசப்பு மக்னீசியம். நம் கணக்கில் இரண்டு எலக்ட்ரானை விட்ட அதே மக்னீசியம்தான். இரட்டை மின்னூட்டம், உருவத்திலும் சின்னது. அதனால் தண்ணீரைச் சோடியத்தைவிட நான்கு மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடிக்கிறது. உப்பு இறங்கின பிறகும் அது தண்ணீரை விடாமல் கரைசலிலேயே நிற்பது அதனால்தான். வீட்டு ஜாடியில் கல் உப்பு மழைக்காலத்தில் கசிந்து ஈரமாவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். கல்லோடு ஒட்டி வந்த கொஞ்சம் மக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவைக்கிறது. எங்கள் ஆச்சி ஜாடிக்கு அடியில் ஒரு கை அரிசியைப் போட்டு வைப்பார்.

கொளுத்தும் வெயிலில் இடுப்பு வளைய உப்பு வாரும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்த வெயில் எதனால் தவிர்க்க முடியாததாக இருக்கிறது என்பதை 787க்கும் 783க்கும் நடுவில் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. அன்றைக்கு அதை அவளிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

அவளுக்கு வேறு அவசரம். அந்த நாலு கிலோ ஜூலைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பழைய ஆய்வக வெப்பமானி ஒன்று என்னிடம் இருந்தது. 100 மில்லி தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வைத்து, பக்கத்திலேயே உப்பையும் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். 30 டிகிரி காட்டியது. இரண்டு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினாள். பாதரசம் மெதுவாக இறங்கி 29க்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. "எடுத்துக்கிச்சு சித்தி, தண்ணிகிட்டருந்து எடுத்துக்கிச்சு" என்று கத்தியதில் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த உப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. ஒரு தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்துவிட்டோம். மூன்றாம் நாள் சாயங்காலம் தட்டில் ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு, நடுவில் தனித்தனியாகக் கட்டங்கள். ஒன்றைக் குண்டூசி முனையால் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் குழிந்து, தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி நான்கு பக்கமும் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.